காரணமின்றிப் பழுதில்லை

நுழையும்முன்

எப்போதும் ஓடாத இயந்திரத்தைச் சீர்செய்வது எளிது. எப்போதாவது ஓடாத இயந்திரத்தைச் சீர்செய்வதே கடினம். பழுது பார்ப்பவர் வந்து நிற்கும்போது அது நன்றாக ஓடும். அவர் சென்றபின் நின்றுவிடும். அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றில் தோன்றிய இத்தகைய பழுதையும், அதன் காரணத்தைக் கண்டறிந்த முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

திடலும் புல்வெட்டியும்

கங்கைச் சமவெளியில் மழைக்காலம் புல்லின் காலம் ஆகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுகம்புல் செழித்து வளரும். ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் விளையாட்டுத் திடல் மேய்ச்சல் நிலம்போல் ஆகிவிடும். கையால் தள்ளும் புல்வெட்டியைக் கொண்டு பெரிய திடலைச் சீராக்க ஒரு நாள் போதாது. ஆகவே, குழிப்பந்தாட்டத் திடல்களிலும் கிரிக்கெட் திடல்களிலும் பெரிய கல்வி வளாகங்களிலும் ஓட்டுநர் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியைப் பயன்படுத்துகின்றனர். அது பார்ப்பதற்குச் சிறிய டிராக்டர் போன்றது. அதன் அடிப்பகுதியில் கூரிய வெட்டலகுகள் சுழலும்.

அத்தகைய வளாகம் ஒன்றில், விளையாட்டு விழாவிற்குப் பத்து நாள்களே இருந்தன. காலை ஆறு மணிக்குப் புல்வெட்டி ஒரே முயற்சியில் இயங்கியது. எட்டரை மணிக்குத் தேநீர் அருந்துவதற்காக ஓட்டுநர் அதனை நிறுத்தினார். மீண்டும் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்று ஒரே ஓர் ஒலி மட்டும் எழுந்தது, எஞ்சின் சுழலவில்லை. பேச்சுவழக்கில் இதனைச் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பர். முக்கால் மணி நேரம் கழித்து அதே சாவியைத் திருப்பியபோது, ஒன்றும் நடவாததுபோல் எஞ்சின் இயங்கியது.

பேட்டரி பழையது என எண்ணிப் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினர். இரண்டு நாள்கள் தொல்லை இல்லை. மூன்றாம் நாள் பழைய கதையே தொடர்ந்தது. பணம் செலவாயிற்று, பழுது அப்படியே இருந்தது. ஊகத்தால் உறுப்புகளை மாற்றுவோர் பலரும் அடையும் நிலை இதுவே.

மின்சாரம் செல்லும் வழி

பழுதை அறியும் முன் பாதையை அறிதல் வேண்டும். புல்வெட்டியின் தொடக்க அமைப்பில் இரண்டு மின்பாதைகள் உள்ளன. ஒன்று சிறிய பாதை. மற்றொன்று பெரிய பாதை.

சிறிய பாதை கட்டளையைக் கொண்டு செல்வது. மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, மின்உருகியைக் கடந்து, சாவிச் சுவிட்சை அடைகிறது. அங்கிருந்து காவல் சுவிட்சுகளின் வழியே சொலினாய்டு என்னும் உறுப்பிற்குச் செல்கிறது. தடைமிதியை மிதித்திருந்தால்தான் ஒரு காவல் சுவிட்ச் வழிவிடும். வெட்டலகுகள் ஓய்வில் இருந்தால்தான் மற்றொன்று வழிவிடும். சில வகை வண்டிகளில் இருக்கையின் அடியில் உள்ள சுவிட்சும் இப்பாதையில் இணைந்திருக்கும். இப்பாதையில் சில ஆம்பியர் மின்னோட்டமே செல்லும்.

பெரிய பாதை வேலையைச் செய்வது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி சொலினாய்டிற்கும், அங்கிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் செல்கிறது. அம்மோட்டாரே எஞ்சினை முதன்முதலில் சுழற்றிவிடுவது. அதற்கு நூறு ஆம்பியர் அளவிற்கும் மின்னோட்டம் தேவைப்படலாம். அவ்வளவு மின்னோட்டத்தைச் சாவிச் சுவிட்சால் தாங்க இயலாது. ஆகவே, சொலினாய்டு இடையில் நிற்கிறது. அதன் கம்பிச்சுருளில் சிறிய மின்னோட்டம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகி, உள்ளே இருக்கும் தடித்த செம்புத் தகட்டை இழுத்து, பெரிய பாதையை மூடுகிறது. ‘டக்’ என்னும் ஒலி அந்த இழுப்பினால் எழுவது.

மோட்டாருக்குள் சென்ற மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி தனிக் கம்பியாக முழுவதும் அமைவதில்லை. எஞ்சினின் உடலும் வண்டியின் இரும்பு அடிச்சட்டமும், அவற்றை இணைக்கும் தரைக்கம்பியும் சேர்ந்தே அவ்வழியாகின்றன. போகும் வழியைப் பலரும் பார்ப்பர். திரும்பும் வழியை மறந்துவிடுவர்.

தெரிந்து தெளிக

புல்வெட்டும் இயந்திரத்திற்கு 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் எட்வின் பியர்ட் பட்டிங். துணி ஆலையில், கம்பளித் துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது.
கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை இயக்கும்போது அது திடீரெனப் பின்னோக்கிச் சுழன்று பலரது கைகளை முறித்ததுண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்று அத்துன்பத்தைக் குறைத்தது.

ஒலி கூறும் செய்தி

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல், இயந்திரப் பணியாளர் ஒலியைக் கேட்கிறார். சாவியைத் திருப்பும்போது எழும் ஒலி, பழுது எப்பகுதியில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் சுட்டிவிடும்.

ஒலியே இல்லையெனில், பெரும்பாலும் கட்டளை சொலினாய்டை அடையவில்லை. மின்உருகி, சாவிச் சுவிட்ச், காவல் சுவிட்சுகள், அவற்றின் இணைப்புகள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

‘டக் டக் டக்’ என ஒலி விரைந்து தொடர்ந்தால், பேட்டரியில் மின்னேற்றம் குறைந்திருக்கலாம்; அல்லது பேட்டரி முனைகளின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். சொலினாய்டு மூடுகிறது, பெரிய மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிகிறது, சொலினாய்டு விடுபடுகிறது. இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

உறுதியான ஒரே ஒரு ‘டக்’ கேட்டால், கட்டளை சொலினாய்டு வரை வந்துவிட்டது எனலாம். பழுது பெரும்பாலும் பெரிய பாதையில் இருக்கும். சொலினாய்டின் உட்தகடு கருகியிருக்கலாம், மோட்டார் தேய்ந்திருக்கலாம், தடித்த கம்பிகளின் முனைகள் கெட்டிருக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில் அது வேறு பழுது. அங்கே எரிபொருளையும் தீப்பொறியையும் ஆராய வேண்டும்.

சில வேளைகளில் மட்டும் ஏன்?

இயந்திரத்திற்கு மனநிலை கிடையாது. அது ஒரு வேளை ஓடி மறு வேளை நின்றால், இரு வேளைகளுக்கும் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். அம்மாற்றம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அதிர்வு, வெப்பம், ஈரம்.

அதிர்வு, திருகுகளை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. வெப்பம், உலோகங்களை விரியச் செய்கிறது; தளர்ந்த இணைப்பில் உலோகமும் உலோகமும் தொடும் பரப்பு மாறிவிடுகிறது. ஈரம், துருவையும் உப்புப் பூத்தலையும் உண்டாக்குகிறது. குளிர்காலக் காலைகளில் இன்னொன்றும் சேர்கிறது. குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது. எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகிறது.

கெட்ட இணைப்பு மின்சாரத்தை முழுவதும் தடுப்பதில்லை. சிறிது மின்தடையைச் சேர்க்கிறது. அந்தச் சிறிய தடை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால், அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். இது ஓம் விதி.

ஓர் இணைப்பின் மின்தடை 0.05 ஓம் எனக் கொள்க. அதன் வழியே அரை ஆம்பியர் எடுக்கும் சிறு விளக்கை எரித்தால், இழப்பு 0.025 வோல்ட் மட்டுமே. விளக்கு பளிச்சென எரியும். இணைப்பு நன்றாக உள்ளது என்றே தோன்றும். அதே இணைப்பின் வழியே 100 ஆம்பியர் பாய வேண்டுமெனில், 5 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஐந்து வோல்ட் வழியிலேயே போய்விட்டால், மோட்டார் எதனைக் கொண்டு சுழலும்?

ஆகவே, ஓய்வில் இருக்கும் இணைப்பைப் பார்த்து அது நல்லது எனக் கூற முடியாது. சுமை ஏறும்போதுதான் அதன் உண்மை வெளிப்படும்.

ஒதுக்கக் கூடாத காவல்

வளாகத்தில் இருந்த உதவியாளர், குற்றம் இருக்கைச் சுவிட்சில்தான் என உறுதியாக நம்பினார். விழா நெருங்குகிறது என்ற பதற்றத்தில், அச்சுவிட்சின் இரு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் முறுக்கி இணைத்துவிட்டார். மறுநாள் காலையில் வண்டி இயங்கியது. தம் வைத்தியம் பலித்தது என அவர் மகிழ்ந்தார். எட்டரை மணிக்கு அதே ‘டக்’ ஒலி மீண்டும் எழுந்தது.

அவரது செயல் பயனற்றது மட்டுமன்று. பேரிடர் தரக்கூடியதும் ஆகும். வெட்டலகுகள் சுழலும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தாலோ தவறி விழுந்தாலோ, எஞ்சினை நிறுத்துவது இருக்கைச் சுவிட்சே. அலகின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டக்கூடும். அதன் அடியில் சிக்கும் சிறு கல்லும் தோட்டாபோல் பாயும். துண்டுக் கம்பி இருக்கும் வரை, ஓட்டுநர் இறங்கினாலும் அலகு சுழன்றுகொண்டே இருக்கும். அத்திடலில் நாள்தோறும் மாலையில் சிறுவர்கள் ஓட்டப்பயிற்சி செய்து வந்தனர்.

பழுது பார்க்க அழைக்கப்பட்ட முதிய மின்பணியாளர் முதலில் செய்த வேலை, அந்தத் துண்டுக் கம்பியைக் கழற்றியதே. பின்னர் அவர் உதவியாளரிடம் அமைதியாக விளக்கினார். காவல் சுவிட்சுகள் வழிவிடாவிட்டால் சொலினாய்டிற்குக் கட்டளையே வராது. ‘டக்’ ஒலியும் எழாது. ஒலி கேட்கிறது என்பதே அச்சுவிட்சுகள் தம் கடமையைச் செய்கின்றன என்பதற்குச் சான்று. குற்றமற்ற காவலரைத் தண்டித்துவிட்டு, கள்வரை வெளியே விட்டிருந்தார் உதவியாளர்.

அளந்து காணல்

மின்பணியாளர் ஓட்டுநரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தார். வண்டி இயங்கிய நேரம், இயங்காத நேரம், எழுந்த ஒலி, எஞ்சின் சூடாக இருந்ததா என்பன அனைத்தையும் மூன்று நாள்கள் எழுதச் செய்தார். குறிப்பேடு ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறியது: எஞ்சின் ஆறியிருந்தபோது ஒரு முறையும் பழுது தோன்றவில்லை; இரண்டு மணி நேர வேலைக்குப்பின் நிறுத்திய ஒவ்வொரு முறையும் தோன்றியது.

நான்காம் நாள் அவர் காலையில் வரவில்லை. பழுது வரும் நேரமாகிய எட்டரை மணிக்கு வந்தார். நிறுத்துத்தடையை இட்டு, அலகுகளின் இணைப்பை விடுவித்தார். சோதனையின்போது எஞ்சின் பற்றிக்கொள்ளாதவாறு ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி, உரிய முறையில் பாதுகாப்பாக வைத்தார். பின்னர் மல்டிமீட்டரை எடுத்தார். முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இந்தப் பேட்டரியும் அவ்வாறே காட்டியது.

அடுத்து, ஓட்டுநர் சாவியைத் திருப்பிப் பிடித்திருந்த சில நொடிகளுக்குள் ஒவ்வோரிடத்திலும் அளவெடுத்தார். கிடைத்த அளவுகள் பின்வருமாறு:

பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையில்: 11.6 வோல்ட்
நேர்முனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையில்: 0.2 வோல்ட்
எதிர்முனைக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையில்: 0.1 வோல்ட்
எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில்: 7.6 வோல்ட்
மோட்டாரின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில்: 3.8 வோல்ட்

இக்கணக்கு வீட்டு வரவுசெலவு போன்றது. பேட்டரி கொடுத்த 11.6 வோல்ட், பாதையின் பகுதிகளுக்குள் சரியாகப் பிரிந்திருக்க வேண்டும். போகும் வழியில் 0.2, திரும்பும் வழியில் 7.6, மோட்டாருக்கு 3.8; கூட்டினால் 11.6. செலவு எங்கே மிகுந்தது என்பது தெளிவாகிவிட்டது. நல்ல நிலையில் உள்ள தரை இணைப்பில் ஏறத்தாழ 0.2 அல்லது 0.3 வோல்ட்டிற்கு மேல் இழப்பு இருத்தல் கூடாது. இங்கோ பெரும்பகுதி திரும்பும் வழியிலேயே தொலைந்திருந்தது.

எதிர்முனையிலிருந்து அடிச்சட்டம் வரை இழப்பு 0.1 மட்டுமே. எஞ்சின் உடல் வரை சென்றால் 7.6. எனவே, பழுது அடிச்சட்டத்திற்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ளது. அந்த இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு தரைக்கம்பி.

சீர்செய்தல்

எஞ்சினின் அடியில், புல்தூள் அப்பிய இடத்தில், அந்தக் கம்பியின் முனை இருந்தது. அதனைப் பிடித்திருந்த திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவில் துருவும் கரும்படலமும் படிந்திருந்தன. ஆறிய நிலையில் அது எப்படியோ தொட்டுக்கொண்டிருந்தது. சூடேறியதும் தொடும் பரப்பு குறைந்தது.

மின்பணியாளர் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றினார். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி இரும்புச் சட்டத்தில் பட்டால் பெருந்தீப்பொறி எழும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அதனால் வெடிக்கவும் கூடும். பின்னர் அவர் தரைக்கம்பியின் முனையையும் அது பொருந்தும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் மின்னும்படி செய்தார். பழைய திருகை நீக்கிப் புதிய திருகையும், அதிர்வில் தளராத பல்வளையத்தையும் இட்டு இறுக்கினார். இறுதியில் எதிர்முனைக் கம்பியை மீண்டும் மாட்டினார்.

வேலை அத்துடன் முடியவில்லை. எஞ்சினைச் சூடாக்கி, மீண்டும் அளந்தார். எஞ்சின் விரைந்து சுழன்றபோது பேட்டரி 10.6 வோல்ட் காட்டியது. மோட்டார் முழு மின்னோட்டத்தையும் எடுத்ததால் பேட்டரியின் அளவு குறைந்திருந்தது, அது இயல்பே. போகும் வழியில் 0.4, திரும்பும் வழியில் 0.2, மோட்டாருக்கு 10.0. கணக்கு நேரானது.

செலவு ஒரு திருகும் ஒரு வளையமும் மட்டுமே. புதிதாக வாங்கிய பேட்டரிக்குத் தேவையே இருந்ததில்லை. உதவியாளர் அந்தத் துண்டுக் கம்பியைத் தாமே குப்பையில் இட்டார். விளையாட்டு விழா நாளன்று திடல் ஒரே சீராக இருந்தது. இருக்கைச் சுவிட்சும் தன் இடத்தில் காவல் இருந்தது.

நோய் எது, அதன் காரணம் எது, அதனைத் தணிக்கும் வழி எது என்று முறையாக ஆராய்ந்து மருத்துவம் செய்ய வேண்டும் எனத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுகிறது. மனித உடலுக்குச் சொன்ன அம்முறை இயந்திரத்திற்கும் பொருந்துகிறது. பழுது மறைந்திருக்கலாம், காரணம் இல்லாமல் இருக்க முடியாது. அது தோன்றும் நேரத்தில் பொறுமையுடன் அளந்து காண்பவருக்கே அகப்படும்.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக

மின்உருகி – மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் உருகிப் பாதையைத் துண்டிக்கும் கம்பி; பேச்சுவழக்கில் ஃபியூஸ்
மின்னழுத்தம் – மின்சாரத்தை உந்தும் விசையின் அளவு, அலகு வோல்ட்
தரைக்கம்பி – வண்டியின் உலோக உடலையும் எதிர்முனையையும் இணைக்கும் கம்பி. பட்டறை வழக்கில் எர்த்
உப்புப் பூத்தல் – பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படலம் படிதல்

ஆ. பிரித்து எழுதுக

1. காரணமின்றி 2. மின்னழுத்தம் 3. பழுதில்லை 4. பேரிடர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. சொலினாய்டு ஏன் தேவைப்படுகிறது?
2. மின்பணியாளர் காலையில் வராமல் எட்டரை மணிக்கு வந்தது ஏன்?
3. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுவதன் காரணம் யாது?

ஈ. சிந்தித்து விடை எழுதுக

1. இருக்கைச் சுவிட்சில் பழுதில்லை என்பதை ‘டக்’ ஒலி எவ்வாறு மெய்ப்பித்தது?
2. ஓர் இணைப்பின் மின்தடை 0.03 ஓம். அதன் வழியே 100 ஆம்பியர் பாய்ந்தால் எத்தனை வோல்ட் இழக்கப்படும்? அவ்விணைப்பை நல்ல இணைப்பு எனக் கொள்ளலாமா?
3. ‘காவல் சுவிட்சை ஒதுக்குவது சிக்கலைத் தீர்ப்பதன்று, மறைப்பது.’ இக்கருத்தைப் பத்து வரிகளில் விளக்குக.

உ. செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டு ஸ்கூட்டரோ மிதிவண்டியோ பழுதானபோது பெற்றோரும் தாத்தா பாட்டியும் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்களைக் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக, நீங்கள் வாழும் ஊரில் வழங்கும் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.

குறிப்பு: பேட்டரியையும் புல்வெட்டியையும் மாணவர்கள் தாமே கழற்றவோ சோதிக்கவோ கூடாது.